‘பேர்’ விழுந்ததா? தோட்டத்தில் புதிதாகப் பதிந்தவர்களுக்குச் சம்பளமும் சங்கமும்

என் அம்மா இலங்கை மலையகத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர், எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் முப்பத்தொரு வருடம் கணக்கு வைத்திருந்தார். கடைக்காரர் வருடப் பிறப்புக்குக் கொடுக்கும் நாட்காட்டியில், முழுப் பேர் (ஒரு முழு நாள் வேலைப் பதிவு) விழுந்த நாளுக்கு ஒரு நீளக் கோடு, அரைப்பேருக்குப் பாதிக் கோடு, பேர் போடாமல் காசுக்குச் செய்யும் கைக்காசு வேலைக்கு ஒரு வட்டம். பத்தாம் திகதி சம்பளம் வாங்கி வந்ததும், அடுப்பில் தேநீரை வைத்துவிட்டுக் கோடுகளை எண்ணுவார். ஒரு மாதம் அவருடைய கணக்கில் இருபத்திரண்டு, சம்பளச் சீட்டில் இருபத்தொன்று. நாட்காட்டியைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தோட்டத்து ஆபிசுக்குப் போனார். கணக்கப்பிள்ளை முதலில் சிரித்தார். பிறகு செக்ரோலை, அதாவது பேரும் சம்பளமும் பதியும் தோட்டப் புத்தகத்தை, புரட்டினார். பிறகு சிரிக்கவில்லை.

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்களத்தில் முதல் முறையாகப் போய் நிற்கும் தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். கூட்டங்களில் சொல்வதை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. சம்பளத்தை எப்படிப் பார்ப்பது, சங்கத்தை எப்படிப் பயன்படுத்துவது, குறை வந்தால் எந்தப் படியில் ஏறுவது என்பது மட்டும்தான்.

முதலில் செக்ரோல்

வேலைக்குச் சேர்ந்த அன்றே உங்கள் பெயர் செக்ரோலில் ஏறியிருக்கிறதா, எப்படி ஏறியிருக்கிறது என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம். தேசிய அடையாள அட்டையில் ‘லெட்சுமி’ என்றும் தோட்டப் பதிவில் ‘லெச்சுமி’ என்றும் இருந்தால் இன்று ஒரு பிரச்சினையும் இல்லை. சம்பளத்தில் வெட்டிச் சேர்க்கும் ஊழியர் சேமலாப நிதியை எடுக்கப் போகும் அன்றுதான் அந்த ஒரு எழுத்து மலைபோல வந்து நிற்கும். எங்கள் வீட்டில் நின்றது. ஒரு எழுத்தைத் திருத்த அம்மா சத்தியக் கடதாசியும் கையுமாக ஒன்றரை வருடம் அலைந்தார். அடையாள அட்டையின் பிரதி ஒன்றைக் கொடுத்து, ‘இதில் உள்ளபடியே எழுதுங்கள்’ என்று முதல் நாளே சொல்லிவிட்டால் அந்த அலைச்சல் இல்லை.

நிரந்தரமாகப் பதிகிறார்களா, தற்காலிகமா, கொந்தரப்பா (ஒப்பந்த வேலையா) என்பதையும் அன்றே தெரிந்துகொள்ளுங்கள். கொந்தரப்பு வேலையில் கைக்கு வரும் காசு சில மாதங்களில் கூடுதலாகவே இருக்கும். அதைப் பார்த்து மயங்குபவர்களைக் கண்டிருக்கிறேன். சேமலாப நிதி வெட்டப்படுகிறதா, சேவைக்காலம் எண்ணப்படுகிறதா என்று கேட்டால் பதில் வராது.

ஒரு சிறு கொப்பி வாங்குங்கள். திகதி, மலை (கொழுந்தெடுத்த தேயிலைப் பகுதி) இலக்கம், மூன்று நிறுவையின் கிலோ, முழுப் பேரா அரைப்பேரா கைக்காசா. இவ்வளவு போதும். கைத்தொலைபேசியில் எழுதினாலும் சரிதான், ஆனால் தொலைபேசி தொலையும், மழையில் நனையும். கொப்பி வீட்டில் கிடக்கும்.

தராசுக்கு முன்னால் நிற்கும்போது

கொழுந்து மடுவத்தில் நிறுக்கும் இடத்தில்தான் பலருடைய சம்பளம் சத்தமில்லாமல் கரைகிறது. கூடைக்கு, ஈரத்துக்கு, படங்குக்கு என்று ஒவ்வொரு நிறுவையிலும் கழிவு போடுவார்கள். ஈரக் கொழுந்துக்குக் கழிவு கேட்பதில் நியாயம் உண்டு, மழை நாளில் கூடையைத் தூக்கியவர்களுக்கு அது தெரியும். ஆனால் வெயில் நாளிலும் அதே கழிவு விழுந்தால்? நிறுவைக்கு இரண்டு கிலோ என்றால் மூன்று நிறுவைக்கு ஆறு கிலோ. நாள் நிறை, அதாவது முழுப் பேருக்கு எடுக்க வேண்டிய அளவு, பதினெட்டு கிலோ உள்ள தோட்டத்தில் இருபத்துமூன்று கிலோ பறித்தவருக்குப் பதினேழுதான் எழுதப்படும். பறித்தது நிறைக்கு மேல், எழுதப்பட்டது நிறைக்குக் கீழ். பேர் அரைப்பேராகிறது.

ஆகவே இலக்கத்தைக் கண்ணால் பாருங்கள், வாயால் சொல்லச் சொல்லுங்கள், கொப்பியில் எழுதும்போது இரண்டையும் எழுதுங்கள்: தராசு காட்டியது, புத்தகத்தில் விழுந்தது. தராசைச் சண்டையாக்க வேண்டாம். புதிதாக வந்தவர் முதல் வாரமே கங்காணியுடன் (வேலையை மேற்பார்ப்பவருடன்) மல்லுக்கு நின்றால் மறுநாள் அவருக்குக் கிடைப்பது கொழுந்தில்லாத நிரைதான். ஒரு மாதக் கணக்கைச் சேருங்கள். பக்கத்து நிரையில் எடுக்கும் நான்கு பேரையும் எழுதச் சொல்லுங்கள். ஐந்து கொப்பிகள் ஒரே மாதிரிப் பேசும்போது அதைத் தள்ளுவது கடினம்.

நிறை எட்டவில்லை என்று அரைப்பேர் போட்டால் காரணத்தை அன்றே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காடு மண்டிய மலையில், வயதான செடியில் நிறை எட்டாதது உங்கள் கையின் குற்றமல்ல. அன்று எந்த மலையில் விட்டார்கள் என்ற குறிப்பு பின்னால் உதவும்.

சீட்டைப் படிப்பது

இங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். மலையகத்தில் சம்பளப் போராட்டம் என்றாலே ஒரு தொகை: ஆயிரம், ஆயிரத்து எழுநூறு, ஆயிரத்து எழுநூற்றைம்பது. அந்தத் தொகை எவ்வளவு பெரிது என்று பார்ப்பதற்கு முன், அது சீட்டின் எந்த வரியில் எழுதப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். அடிப்படைச் சம்பள வரியில் உள்ள ரூபாவும் ஊக்குவிப்பு வரியில் உள்ள ரூபாவும் ஒன்றல்ல. முதலாவது, பேர் விழுந்தால் வந்தே தீரும். சேமலாப நிதிக்கும் வேலை விடும்போது கிடைக்கும் பணிக்கொடைக்கும் அதுதான் கணக்கு. இரண்டாவது, நிபந்தனை நிறைவேறினால் வரும், இல்லாவிட்டால் வராது.

பழைய ஒப்பந்தங்களைப் பார்த்தால் இது விளங்கும். 2016 ஒக்டோபரில் தோட்டக் கம்பனிகளும் சங்கங்களும் கையெழுத்திட்ட கூட்டு ஒப்பந்தத்தில் நாட்சம்பளம் 730 ரூபா என்றார்கள். பிரித்துப் பாருங்கள்: அடிப்படை 500, வருகைக்கு 60, விலைப் பங்கு 30, உற்பத்தி ஊக்குவிப்பு 140. மாதத்தில் 75 வீத நாட்கள் வராதவருக்கு 60 இல்லை. நிறை எட்டாதவருக்கு 140 இல்லை. காய்ச்சலில் படுத்த மாதத்தில் 730 என்பது 530 ஆகிவிடும்.

2019 ஜனவரியில் அடுத்த ஒப்பந்தம். அடிப்படை 700, விலைப் பங்கு 50. கையெழுத்திட்டவர்கள் ‘அடிப்படைச் சம்பளம் 40 வீதம் கூடியது’ என்றார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ‘இருபது ரூபாதான் கூடியது’ என்றார்கள். கம்பனிகள் சேமலாப, நம்பிக்கை நிதிகளுக்குத் தம் பங்காகக் கட்டும் 15 வீதத்தையும் கூட்டி 855 என்று கணக்குக் காட்டின. மூன்றும் பொய்யல்ல. 730 வாங்கிக்கொண்டிருந்தவருக்கு 750 வந்தால் கூடியது இருபதுதான். ஆனால் அவருடைய சேமலாப நிதிக் கணக்குக்கு அடிப்படை 200 ரூபா உயர்ந்திருந்தது. ஆயிரம் ரூபா கேட்டு, 2018 ஒக்டோபரில் காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு கூடி நின்ற இளைஞர்களுக்கு அந்தக் கணக்கு ஆறுதல் தரவில்லை. எனக்கும் தரவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை.

அந்த ஆயிரம் வந்தது 2021 மார்ச்சில். இம்முறை கூட்டு ஒப்பந்தம் வழியாக அல்ல, குறைந்தபட்சச் சம்பளத்தைத் தீர்மானிக்கும் சம்பள நிர்ணய சபை வழியாக: 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்ட நிவாரணப்படி. கம்பனிகள் நீதிமன்றம் போயின. கூட்டு ஒப்பந்தம் அத்தோடு கைவிடப்பட்டது. சம்பளத்தோடு வேலை நிலைமைகளையும் பேசும் மேசை அது, அதுவும் சேர்ந்தே போனது. ஆயிரம் வந்தது என்று பட்டாசு கொளுத்திய தோட்டங்களில், சில வாரங்களில் நாள் நிறையும் ஏறியது.

2024 கதை உங்களுக்கே நினைவிருக்கும். மே தினத்தன்று கொட்டகலை மேடையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 ரூபா என்று அறிவித்தார். வர்த்தமானியில் அது 1,350 அடிப்படை, 350 விசேட கொடுப்பனவு. ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டெம்பரில் 1,350 மட்டும் நிலைபெற்றது. மேடையில் கேட்ட தொகைக்கும் பையில் விழுந்த தொகைக்கும் இடையில் 350 ரூபா மலையேறிப் போய்விட்டது. பிறகு 2025 நவம்பரில், 2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில், 1,350ஐ 1,550 ஆக உயர்த்தி, அரசு வருகை ஊக்குவிப்பாக 200 ரூபா சேர்த்து, ஜனவரி முதல் 1,750 வழங்கப்படும் என்று முன்மொழியப்பட்டது. உங்கள் சீட்டில் இந்த இரண்டும் தனித்தனி வரிகளாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வருகை என்ற பெயர் வந்துவிட்டால், வராத நாளின் கணக்கும் கூடவே வரும்.

கழிவுப் பகுதியைப் பார்க்க மறக்க வேண்டாம். சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணம், தேயிலைத் தூள், கோயில் காசு, வங்கிக் கடன். ஒவ்வொன்றுக்கும் ‘இதற்கு நான் சம்மதித்தேனா?’ என்று கேட்டுப் பாருங்கள். முற்பணம் எத்தனை மாதத்தில் முடியும் என்று கொப்பியில் எழுதி வையுங்கள்; முடிந்த பிறகும் ஒரு மாதம் வெட்டப்பட்ட சீட்டுகளை என் கையால் எண்ணியிருக்கிறேன்.

மாதச் சம்பளம் அடுத்த மாதம் பத்து நாட்களுக்குள் கையில் இருக்க வேண்டும். அது தோட்டத்தின் பழக்கம் மட்டுமல்ல. 1941ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டத்தில் உள்ளது.

தோட்டத்தை விட்டு ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடையில், விடுதியில் வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வரி: உங்களுக்குத் தேசிய குறைந்தபட்ச வேதனச் சட்டம் உண்டு. 2025இல் செய்த திருத்தத்தின்படி 2026 ஜனவரி முதல் மாதம் 30,000, நாளொன்றுக்கு 1,200 ரூபா. சாப்பாடு போடுகிறோம் என்பது அதற்குப் பதிலாகாது.

நாளைய காசு

அடிப்படைச் சம்பளம் 1,550 என்றும் ஒரு மாதத்தில் இருபது பேர் விழுந்தது என்றும் வைத்துக்கொள்வோம். 31,000. அதில் உங்கள் பங்கு 8 வீதம், 2,480 ரூபா வெட்டப்படும். தோட்டம் தன் பங்காக 12 வீதம், 3,720 ரூபா போட வேண்டும். ஊழியர் நம்பிக்கை நிதிக்கு 3 வீதம், 930 ரூபா. அதுவும் தோட்டத்தின் கையிலிருந்துதான், உங்களிடம் வெட்டக் கூடாது. வெட்டியதெல்லாம் கட்டப்பட்டது என்று நம்பி இருந்துவிடாதீர்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது கணக்குக் கூற்றைப் பார்த்து, விடுபட்ட மாதங்களைக் குறித்து வையுங்கள். உங்களுக்குப் பின் பணம் யாருக்கு என்ற நியமனப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். திருமணத்துக்குப் பின் அதை மாற்ற மறந்து, மாமியாரும் மருமகளும் வழக்காடிய வீடுகள் உண்டு.

ஐந்து வருடம் முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு. 1983ஆம் ஆண்டுச் சட்டப்படி நாட்சம்பளக்காரருக்கு ஒவ்வொரு வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். கடைசியாக வாங்கிய சம்பளத்தை வைத்துக் கணக்கிடுவார்கள்: 1,550 என்றால் வருடத்துக்கு 21,700, முப்பது வருடத்துக்கு 6,51,000 ரூபா. வேலை விட்டு 30 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும், தாமதித்தால் மேலதிகக் கட்டணத்தோடு. இப்போது 350 ரூபாவை அடிப்படையில் சேர்ப்பதா ஊக்குவிப்பில் சேர்ப்பதா என்று கம்பனிகள் ஏன் அவ்வளவு மல்லுக்கட்டின என்று புரிகிறதா? ஒருவருக்கு முப்பது வருடத்தில் அந்த 350 மட்டும் 1,47,000 ரூபா.

பிரசவ விடுமுறை 12 வாரம், அதாவது 84 நாட்கள், பிரசவக் கொடுப்பனவோடு. 2018 திருத்தத்துக்குப் பின் மூன்றாவது, நான்காவது பிள்ளைக்கும் அதேதான்.

சங்கத்தில் சேர்வது

சேர வேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. சேரக் கூடாது என்று சொல்லவும் யாருக்கும் உரிமையில்லை. அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை அந்த உரிமையைத் தருகிறது. சேருங்கள் என்பதுதான் என் கருத்து. எந்தச் சங்கம் என்று மட்டும் சொல்ல மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் சங்கம் என்பது பல வீடுகளில் குலதெய்வம் மாதிரி. தாத்தா இருந்த சங்கம், அப்பா இருந்த சங்கம், ஆகவே நான். 1930களில் கோ. நடேசய்யர் ஹட்டனை மையமாக வைத்துத் தோட்டத் தொழிலாளரைத் திரட்டியபோது கூட்டம் நடத்தத் தோட்டத்துக்குள் கால் வைக்கவே முடியாத நிலை. அவர் மனைவி மீனாட்சி அம்மாள் பாட்டுப் பாடிக் கூட்டம் சேர்த்தார். அப்படி வந்த உரிமையைப் பழக்கத்துக்காக மட்டும் பயன்படுத்துவது வருத்தமாக இருக்கிறது. சந்தாப் படிவத்தில் கையெழுத்துப் போடுமுன் அந்தச் சங்கத்தின் தோட்டத் தலைவரிடம் இவற்றைக் கேளுங்கள்: தோட்டக் கமிட்டி கடைசியாக எப்போது கூடியது? கமிட்டியில் பெண்கள் எத்தனை பேர்? கொழுந்தெடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்களாக இருக்க, கமிட்டி முழுக்க ஆண்களாக இருந்தால் கழிவுக் கிலோவைப் பற்றி அங்கே யார் பேசுவார்? முறைப்பாட்டை எழுத்தில் எடுப்பார்களா? சந்தாவுக்கு என்ன கணக்கு? ஒவ்வொரு சங்கமும் ஆண்டுக் கணக்கைத் தொழிற்சங்கப் பதிவாளருக்குக் கொடுத்தாக வேண்டும். கேட்பது மரியாதைக் குறைவல்ல.

ஒரு சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். அதனால்தான் மலையகத்தில் இத்தனை சங்கங்கள். ஆனால் நிர்வாகம் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம், வேலையிடத்தில் 40 வீதம் பேர் உறுப்பினராக உள்ள சங்கத்துக்குத்தான் வருகிறது. 1999ஆம் ஆண்டின் திருத்தம் அது. ஒரே லயத்தில் நான்கு சங்கம் இருந்தால் யாருக்கு லாபம் என்பது இப்போது தெரியும். சங்கம் மாறுவதென்றால் பழைய சந்தாவை நிறுத்தும் கடிதத்தையும் சேர்த்தே கொடுங்கள், இல்லாவிட்டால் இரண்டும் வெட்டப்படும்.

வேலை நிறுத்தம் என்று சொன்னால்

உடனே கூடையைக் கீழே வைத்துவிட வேண்டாம். முதலில் கோரிக்கை எழுத்தில் போயிருக்கிறதா, பதில் வந்ததா என்று கேளுங்கள். தொழில் அத்தியாவசியமானதாக அறிவிக்கப்பட்டிருந்தால் 21 நாள் எழுத்துமூல அறிவித்தல் வேண்டும். வேலை செய்யாத நாளுக்குச் சம்பளம் இல்லை, வருகை ஊக்குவிப்பும் போகலாம். வீட்டில் எத்தனை நாளைக்கு அரிசி மா இருக்கிறது என்று பார்த்துவிட்டே கை தூக்குங்கள்.

காலமும் பார்க்க வேண்டும். மேற்கு மலைகளில் மழை தொடங்கிக் கொழுந்து பொங்கும் சித்திரை, வைகாசியில் ஒரு வாரம் எடுக்காமல் விட்டால் இலை முற்றிவிடும், வெட்டித்தான் எறிய வேண்டும். வறட்சியில் கொழுந்தே இல்லாத மாதத்தில் வேலை நிறுத்தம் செய்தால் நிர்வாகத்துக்குச் சம்பளச் செலவு மிச்சம். தோட்டத் தொழிலாளரின் 1984 வேலை நிறுத்தம் நடந்தது ஏப்ரலில். 1920களின் இறுதியில் குறைந்தபட்சச் சம்பளம் முதன்முதலில் வகுக்கப்பட்டபோது உயர்மலைத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம். அந்த ஆண், பெண் சம்பள வேறுபாடு தீர்ந்தது 1984 வேலை நிறுத்தத்துக்குப் பிறகுதான்.

கைகலப்பு, சொத்துச் சேதம் எதிலும் கை வைக்க வேண்டாம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டவர்கள் மீது பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் இறந்தார். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், காணிப் போராட்டம் ஒன்றில், பொலிஸ் சுட்டு இறந்தவர் சிவனு லெட்சுமணன். ஒரு கல் பறந்தாலும் மறுநாள் பேச்சு கல்லைப் பற்றித்தான் இருக்கும், சம்பளத்தைப் பற்றி இருக்காது.

தொழில் அலுவலகத்துக்குப் போகும் நாள்

வரிசை இதுதான். முதலில் கங்காணி, கணக்கப்பிள்ளை. பிறகு தோட்டத் தலைவரோடு துரையிடம் (தோட்ட முகாமையாளரிடம்), எழுத்தில், பிரதியில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்ற கையெழுத்தோடு. கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள், தபால் பற்றுச்சீட்டே சாட்சி. இரண்டு வாரத்தில் பதில் இல்லையென்றால் உங்கள் பகுதித் தொழில் திணைக்கள அலுவலகம். சங்கம் வராவிட்டாலும் நீங்களே தனியாக முறைப்பாடு கொடுக்கலாம், தமிழிலேயே எழுதலாம். குறைச் சம்பளம், கட்டாத சேமலாப நிதி, கொடுக்காத பணிக்கொடை எல்லாம் அங்கேதான். வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள் என்றால் அது தொழில் நியாய சபைக்குப் போகும். நிறுத்திய நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுக் கொடுக்க வேண்டும். ‘பேசித் தீர்க்கலாம், பொறுங்கள்’ என்று இழுத்தடித்தே அந்த ஆறு மாதத்தைத் தின்றுவிடுவார்கள், திகதியை மறக்க வேண்டாம்.

போகும்போது அடையாள அட்டை, சம்பளச் சீட்டுகள், கடிதப் பிரதி, கொப்பி. எல்லாவற்றையும் பொலித்தீன் பையில் சுற்றுங்கள், மலையில் எந்த நேரமும் மழை வரும். முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். எட்டரை மணிக்கு வாசலில் நிற்பவருக்கும் பதினொரு மணிக்கு வருபவருக்கும் ஒரு நாள் பேர் வித்தியாசம். விசாரணைக்கு ஒரு திகதி தருவார்கள். அன்று தோட்டத் தரப்பில் செக்ரோலைக் கொண்டுவந்து மேசையில் வைப்பார்கள். நீங்களும் உங்கள் கொப்பியை எடுத்து அதற்குப் பக்கத்தில் வையுங்கள்.